என் மனைவிக்கு இல்லாத வருத்தங்கள்

'விண்ணப்பத்தில் தவறுதலாகச் சேர்க்கப்பட்ட விபரம் எதனையும் திருத்தும்படி விண்ணப்பதாரர் எழுத்து மூலம் கோரலாம். கோரிக்கை கிடைத்த பத்து வேலை நாட்களுக்குள் கம்பனி தனது முடிவை அறிவிக்கும்.' காப்புறுதிப் பொலிசிப் புத்தகத்தின் பின்பகுதியில், பொதுவிதிகள் என்ற தலைப்பின் கீழ், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில் இந்த விதி இருக்கிறது. நான் தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் இதைவிட மரியாதையாக இருக்கும். அந்தக் கம்பனியில் இதை வாசித்தவர் எவரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அச்சுக் கோத்தவர் வாசித்திருக்கக்கூடும்.

நான் விதிகளை வாசிக்கிறவன். இலங்கையில் கச்சேரி எனப்படும் அரச அலுவலகங்கள் பலவற்றில் எழுதுவினைஞனாகத் தொடங்கி நிர்வாக உத்தியோகத்தனாக ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் தேவாரம் பாடமாக்கிய வயதில் தாபன விதிக்கோவையையும் நிதிப் பிரமாணங்களையும் பாடமாக்கினேன். ஒரு விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாள் உறங்கும், எந்தச் சொல்லைப் போட்டால் எழும்பும் என்பது எனக்குத் தெரியும். மகன் கூப்பிட்டு ரொறன்ரோ வந்து, மோர்னிங்சைட்டில் ஒரு அப்பாட்மென்றில் குடியேறியபோது, இனி இந்த அறிவுக்கு வேலை இருக்காது என்று கொஞ்சம் கவலைப்பட்டேன். கனடாவைப் பற்றி அப்போது எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

நான் வந்த காலத்தில் ஒன்ராறியோ மாகாணம் தன் சுகாதாரச் செலவைத் திருத்தத் தொடங்கியிருந்தது. திருத்தம் என்ற சொல்லைக் கேட்டால் நான் உடனே என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். இது ஒரு தொழில்முறைப் பழக்கம். சிவப்பும் வெள்ளையுமான பழைய ஹெல்த் கார்ட்டுக்குப் பதிலாகப் படம் போட்ட புதிய கார்ட் வந்தது. எங்களைப் போன்ற வயதானவர்களின் மருந்துச் சீட்டுக்குச் சிறு கட்டணம் வந்தது. எந்த ஆஸ்பத்திரியை மூடலாம் என்று ஆராய ஒரு குழு வந்தது. புதிதாக மாகாணத்துக்குள் வருகிறவர்கள் மூன்று மாதம் காத்திருந்தால்தான் அரச காப்புறுதி கிடைக்கும் என்ற விதியும் இந்தத் திருத்தங்களில் ஒன்று. அந்த மூன்று மாதமும் ஒருவர் நோய், வருத்தம் எதுவும் வராமல் இருக்க வேண்டும். அல்லது சொந்தச் செலவில் ஒரு தனியார் காப்புறுதி எடுக்க வேண்டும்.

என் மனைவி என்னுடன் வரவில்லை. என் தமையனாருக்குச் சீனி வருத்தத்தால் ஒரு கால் எடுத்திருந்தார்கள். அவரைப் பார்க்க ஆளில்லை என்று அவள் கொழும்பில் நின்றுவிட்டாள். தமையனாரின் மகள் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து பொறுப்பெடுத்த பிறகுதான் இங்கே புறப்பட்டாள். வந்து இறங்கியது தொண்ணூற்றாறு நவம்பர் கடைசியில். ஆகவே மார்ச் வரைக்கும் அவள் உடம்புக்கு மாகாணம் பொறுப்பில்லை.

அவள் வருவதற்கு முன்பே நான் வேலையைத் தொடங்கிவிட்டேன். வங்கி, மருந்துக் கடை, பயண முகவர் நிலையம் என்று போகிற இடமெல்லாம் காப்புறுதிப் பிரசுரங்களை எடுத்து வந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, கோடு போட்ட தாளில் ஒப்பிட்டேன். விலை குறைந்த பொலிசிகள், படுக்கையில் விழுந்தவருக்கு அனுதாபத்தைத் தவிர வேறெதுவும் தரமாட்டா. எல்லாம் தருகிற பொலிசியின் விலைக்கு ஒரு டொக்டரையே வீட்டில் சாப்பாடு போட்டு வைத்திருக்கலாம். நடுத்தரமாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். விலையும் பரவாயில்லை, விதிகளும் ஒன்றையொன்று பெரிதாக முரண்படவில்லை.

மனைவி வந்து இரண்டாம் நாள் அந்தத் தாளைக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை.

"உந்தக் கம்பனிக்காரர் ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"கம்பனியை ஏன் தெரியவேணும்? விதியைத் தெரிஞ்சால் காணும்."

"எனக்குத் தெரிஞ்ச ஆளிட்டை எடுப்பம். உவன் ஒஷாவாவிலை வேலை செய்யிற பொடியன், இன்சூரன்சும் செய்யிறானாம். அவன்ரை தாயை எனக்குத் தெரியும்."

"தாய் கிளெயிம் குடுப்பாவோ?"

"குடுக்காட்டில் தாயிட்டைக் கேக்கலாமெல்லோ. உங்கடை வங்கிக்காரன்ரை தாயை எங்கை போய்த் தேடுறது?"

நம்பிக்கை என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைவிலக்கணத்தை நான் எந்தப் பிரமாணத்திலும் வாசித்ததில்லை. என் தாள் மேசை இழுப்பறைக்குள் போனது.

பொடியன் பகலில் ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பின்னேரம் கழுத்தில் ரை கட்டினால் இன்சூரன்ஸ் ஏஜென்ற். காலில் தொழிற்சாலைச் சப்பாத்துடனேயே வந்தான். மோர்னிங்சைட்டில் பாதிப் பேருக்கு ஆயுள் காப்புறுதி விற்றவன், நல்ல சுபாவக்காரன். படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மனைவி கொடுத்த தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கதையைத் தொடங்கினான்.

"எப்பிடி அன்ரி, சுகமாய் இருக்கிறியளோ?"

"ஏதோ இருக்கிறன் தம்பி. இருந்தென்ன. பிரஷர் ஒரு பக்கம், சீனி ஒரு பக்கம். விடிய எழும்பினால் தலைச்சுத்து."

"நெஞ்சுகிஞ்சு நோகிறதோ?"

"நோகாமல் என்ன. நாலு படி ஏறினால் முட்டு."

"எங்கடை அம்மாவுக்கும் உதேதான் அன்ரி."

"அவவுக்கு முழங்காலும் எல்லோ."

"ஓம், முழங்காலும்."

யாழ்ப்பாணத்தவர் அல்லாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களில் எவரும் சுகமாக இருக்கிறேன் என்று சொல்வதில்லை. சொன்னால் நாவூறு, கண்ணூறு படும். கேட்கிறவர் நல்லவராகவே இருந்தாலும், பக்கத்தில் நிற்கிறவர் எப்படிப்பட்டவரோ. ஆகவே சுகம் விசாரித்தால் ஒரு வருத்தமாவது சொல்ல வேண்டும் என்பது மரியாதை. முந்நூற்றிநாலு என்ற சீட்டு விளையாட்டில் கேள்வி கேட்பதுபோல, ஒருவர் முழங்கால் என்றால் மற்றவர் இடுப்பு என்று உயர்த்துவார். அதற்குமேல் கேட்கத் துணிவில்லாதவர் விட்டுக்கொடுப்பார். என் மனைவி ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை.

பொடியன் கதைத்துக்கொண்டே எழுதினான். விலாசம் எழுதுகிறான் என்று நினைத்தேன். கடைசியில், "அங்கிள், இதிலை சாட்சிக்கு ஒரு கையெழுத்து" என்று நீட்டியபோது வழக்கம்போல முதலெழுத்திலிருந்து வாசித்தேன். விலாசம் சரி, பிறந்த திகதி சரி. ஏற்கனவே உள்ள நோய்கள் என்ற பகுதியில் பிரஷர், சீனி, தலைச்சுற்று, மூச்சு முட்டு என்று நான்கு கட்டங்களில் சரி அடையாளம். அதிலும் எனக்குப் பிழை தெரியவில்லை. கலியாணம் செய்த நாளிலிருந்து இந்த நான்கையும் கேட்டுக் கேட்டு, ஒரு நோயாளியுடன் குடும்பம் நடத்துகிறேன் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். கையெழுத்துப் போட்டேன். நோய்கள் இருப்பதால் பிரீமியம் கொஞ்சம் கூடும் என்றான் பொடியன். மனைவி அதற்கும் தலையாட்டினாள். கூடின விலைக்கு வாங்கிய சாமான் நல்லதாகத்தான் இருக்கும் என்பது அவளுடைய எண்ணம்.

டிசம்பர் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை, தமிழ்க் கடையின் கார் தரிப்பிடத்தில் பனிக்கட்டி வழுக்கி அவள் விழுந்தாள். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய் வைத்திருந்தாள். வேறு யாராவது என்றால் கட்டை விட்டுவிட்டுக் கையை ஊன்றியிருப்பார்கள். அவள் முருங்கைக்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மணிக்கட்டின்மேல் விழுந்தாள். முருங்கைக்காய் ஒன்றும் முறியவில்லை.

மகன் காரை நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டான். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு தாதி வந்து கேள்விகள் கேட்டாள். மகன் கார் விடப் போயிருந்ததால் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"விழும்போது தலை சுற்றியதா என்று கேளுங்கள்" என்றாள் தாதி ஆங்கிலத்தில்.

கேட்டேன்.

"தலைச்சுத்து எண்டைக்குத்தான் இல்லை" என்றாள் மனைவி.

அரச சேவையில் இருந்தவன் சாட்சியின் வாக்குமூலத்தை மாற்றுவதில்லை. தலைச்சுற்று தனக்கு எப்போதும் உண்டு என்று சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன். தாதி எழுதிக்கொண்டாள். பிறகு மற்றக் கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னொருமுறை பார்த்தாள். இது இருபது வயதுப் பெண்ணின் அளவு என்றாள். விரலில் குத்திச் சீனி பார்த்தாள். அதுவும் அப்படியே. பிறகு என் முகத்தைக் கவனித்து, உங்களுக்கும் ஒருமுறை பார்க்கட்டுமா என்று கேட்டாள். என்னுடைய அளவை இங்கே எழுதத் தேவையில்லை.

எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. சத்திர சிகிச்சை செய்து ஒரு சிறு உலோகத் தகடு வைத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் காரில் மெல்லக் கேட்டேன்.

"உமக்குப் பிரஷர் இருக்கெண்டு எந்த டொக்டர் சொன்னவர்?"

"நான் ஏன் டொக்டரிட்டைப் போறன்?"

"அப்ப சீனி?"

"அதெல்லாம் கதைக்குச் சொல்லுறது. சுகமாய் இருக்கிறன் எண்டு ஆரும் சொல்லுவினமோ?"

மகன் கார் ஓட்டிக்கொண்டே சிரித்தான். அடுத்த சந்தியில் சிரிப்பை நிறுத்தினான்.

"அப்பா, அந்த ஏஜென்ற் அண்ணை உதையெல்லாம் ஃபோமிலை எழுதினவரோ?"

"எழுதினவர். நான் சாட்சிக் கையெழுத்தும் போட்டனான்."

வீட்டுக்கு வந்ததும் பொலிசிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.

பெப்ரவரியில் கம்பனியின் கடிதம் வந்தது. நல்ல தாள். விண்ணப்பதாரருக்கு ஏற்கனவே தலைச்சுற்றும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளன. விழுந்தபோது தலைச்சுற்று இருந்ததை ஆஸ்பத்திரிக் குறிப்பும் உறுதிப்படுத்துகிறது. ஆகவே விபத்து ஏற்கனவே உள்ள நோயால் நேர்ந்தது. ஆகவே காப்புறுதி பொருந்தாது. ஒவ்வொரு 'ஆகவே'யும் அதற்கு முந்தியதன்மேல் ஒழுங்காக ஏறி நின்றது. நானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். தொழில் ரீதியாக அதை மெச்சினேன்.

ஆனால் ஆஸ்பத்திரிக் கணக்கு மகனின் தலையில் விழப்போகிறது என்பதும் அந்தக் கடிதத்தின் பொருள். அவன் பிக்கரிங்கில் கட்டப்போகிற ஒரு புது வீட்டுக்குப் பெயர் கொடுத்திருந்தான். முதல் தவணை கட்டியாயிற்று. மீதி முன்பணத்தை ஜூன் முடிவதற்குள் கட்டாவிட்டால் காணியை அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். மீதி முன்பணமும் சத்திர சிகிச்சைக் கணக்கும் ஏறக்குறைய ஒரே தொகை. அவனிடம் இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருந்தது. தாய் வந்தால் அவளுக்கென்று ஒரு சமையலறை இருக்க வேண்டும் என்றுதான் அந்த வீட்டுக்கே பெயர் கொடுத்தான். அப்பாட்மென்றுச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் அடுப்பின்மேல் நிற்க வேண்டும்.

பொடியனைக் கூப்பிட்டேன். ரை இல்லாமல் வந்தான்.

"அங்கிள், நான் அன்ரி சொன்னதைத்தானே எழுதினன்."

"தம்பி, நீர் சுகம் விசாரிச்சனீர். விண்ணப்பக் கேள்வி கேக்கேல்லை."

யோசித்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ஐயோ, அம்மாவுக்கும் அப்பிடித்தான் எழுதிப்போட்டன்" என்றான்.

மனைவி அவனைத் திட்டவில்லை. இன்னும் கொஞ்சம் கேக் போட்டுக் கொடுத்தாள். அவன் போன பிறகு, "நல்ல பொடியன். தாயைப்போலையே" என்றாள். நம்பிக்கை விடயத்தில் அவளுடைய விதிகளில் திருத்தம் எதுவும் வரவில்லை.

பொடியன் தான் எப்படிக் கேட்டான் என்று ஒரு வாக்குமூலம் எழுதித் தந்தான். நான் பொதுவிதிகளை மேற்கோள் காட்டி, அந்த வாக்குமூலத்தை இணைத்து, திருத்தம் கோரிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பத்து வேலை நாட்கள் போயின. இன்னும் பத்து போயின. நினைவூட்டல் எழுதினேன். ஒரு மாதம் கழித்து, மருத்துவச் சான்று வேண்டும் என்று பதில் வந்தது. எங்கள் குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய், இரத்தம் சோதித்து, எல்லா அளவும் சரி என்று கடிதம் வாங்கி அனுப்பினேன். அதற்கு வந்த பதிலை நான் சட்டம் போட்டு மாட்டியிருக்க வேண்டும். அளவுகள் சரியாக இருப்பது, விண்ணப்பதாரர் தன் நோய்களுக்கு ஒழுங்காக மருந்து எடுக்கிறார் என்பதையே காட்டுகிறதாம்.

விடவில்லை. குடிவரவுக்கு முன் கொழும்பில் கனடிய அரசு நியமித்த வைத்தியர் அவளைச் சோதித்திருக்கிறார். வருத்தம் இருந்திருந்தால் அந்த அறிக்கையில் இருந்திருக்கும். அறிக்கையை வரவழைத்துப் பாருங்கள் என்று எழுதினேன். அந்த அறிக்கைகள் முத்திரையிட்டு நேரே கனடிய உயர்ஸ்தானிகராலயத்துக்குப் போகின்றன, சோதிக்கப்பட்டவரின் கைக்கு வருவதில்லை. கம்பனி தொலைபேசியில் சொன்னது: "ஐயா, நாங்கள் கனடிய அரசு அல்ல." அதை நான் கடித உறையிலேயே கவனித்திருந்தேன்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் எங்களைப் பிக்கரிங்குக்குக் கூட்டிக்கொண்டு போனான். வீடு என்று ஒன்றும் இல்லை. பனி உருகிய சேற்று நிலம், அங்கங்கே முனையில் செம்மஞ்சள் நாடா கட்டிய முளைகள். நானும் மகனும் தெருவோரத்தில் நின்றோம். மனைவி மகனின் பனிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சேற்றுக்குள் இறங்கிப் போனாள். தகடு வைத்த கையை மற்றக் கையால் தாங்கியபடி ஒரு முளையிலிருந்து அடுத்த முளைக்கு நடந்து, ஒரு இடத்தில் நின்று திரும்பினாள்.

"இதிலையோ குசினி?"

"ஓம் அம்மா. பின்பக்கம்."

"விடிய வெயில் வரும்போலை."

"வரும்."

அவள் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வரும்போது மகன் என்னைப் பார்க்கவில்லை. நானும் வானத்தைப் பார்த்தேன். மீதி முன்பணத்துக்கு வைத்திருந்த காசை ஆஸ்பத்திரிக்குக் கட்டுவதென்று அவன் ஏறக்குறைய முடிவெடுத்திருந்தான். தாய்க்கு மட்டும் சொல்லவில்லை.

மே தொடக்கத்தில் கம்பனியின் அடுத்த கடிதம். கோப்பை மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு வழி உண்டு. விண்ணப்பதாரர் தானே, மொழிபெயர்ப்பாளர் மூலம், பதிவு செய்யப்படும் தொலைபேசி உரையாடலில், தனக்கு மேற்சொன்ன நோய்கள் எதுவும் இல்லை என்று கூறவேண்டும். வேறொருவர் அவருக்காகக் கூறமுடியாது.

இதைவிட இலகுவான நிபந்தனை இருக்க முடியாது என்று நினைத்தேன். ஒரு தாளில் தமிழில் எழுதி மனைவியிடம் கொடுத்தேன்: 'எனக்கு எந்த நோயும் இல்லை. நான் பூரண சுகத்துடன் இருக்கிறேன்.'

வாசித்துவிட்டு தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"இதை நான் சொல்லமாட்டன்."

"உண்மைதானே."

"உண்மையெண்டபடியால்தான் சொல்லக்கூடாது."

"ஒருக்காச் சொன்னால் என்ன வந்திடும்?"

"ஒருக்காவோ? அவை அதை ரேப்பிலை பிடிச்சு வைக்கப் போகினம். நான் படுத்தாலும் எழும்பினாலும் அது அங்கை கிடந்து, எனக்கு ஒண்டுமில்லை, எனக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லிக்கொண்டே இருக்கும். ஆர் ஆர் கேப்பினமோ."

மகன் வேலையிலிருந்து போன் எடுத்துக் கெஞ்சினான். "அம்மா, ஜஸ்ற் ஒரு செக்கன்ட். சொல்லிப்போட்டு வையுங்கோ."

"சொல்லிப்போட்டு நான் பாயிலை விழுந்தால் அந்தக் கம்பனியே வந்து பாக்கும்? நீதான் வேலைக்கு லீவு போட்டுப் பாக்கவேணும்."

"அம்மா, வீடு போயிடும்."

அவன் அதைச் சொல்ல நினைத்திருக்கவில்லை. வாய் தவறி வந்துவிட்டது. மனைவி தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தாள். எனக்கு அதுவரை தெரியாது என்று ஒரு முகம் காட்டினேன். அது எடுபடவில்லை.

"எந்த வீடு? அந்தக் குசினி வீடோ?"

ஓம் என்றேன். ஆஸ்பத்திரிக் கணக்கையும் முன்பணத்தையும் விளங்கப்படுத்தினேன். அவள் கேட்டுவிட்டுப் போய்ச் சோற்றுக்கு அரிசி கழுவினாள். இரண்டு நாள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "எப்ப எடுப்பினமாம்?" என்று கேட்டாள். "ஆனால் உங்கடை கடதாசி வேண்டாம். எனக்குத் தெரிஞ்சமாதிரிக் கதைப்பன்."

குறித்த நாளில், பத்து மணிக்கு, போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தோம். கம்பனியின் உத்தியோகத்தர் ஒரு பெண். மொழிபெயர்ப்பாளர் ஒரு இளம் தமிழ்ப் பிள்ளை. சொல்வதையெல்லாம் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன் என்று முதலிலேயே சொன்னது. நான் கதைக்கக்கூடாது என்று எனக்குத் தனியாக ஒரு எச்சரிக்கையும் வந்தது.

"அம்மா, உங்களுக்குப் பிரஷர் இருக்கோ எண்டு கேக்கிறா."

"பிரஷர் இவருக்கு" என்றாள் மனைவி. "ஒரு நாளைக்கு ரெண்டு குளிசை. கறிக்கு உப்புக் குறைச்சால் கோபம் வரும். கோபம் வந்தால் பிரஷர் ஏறும்."

பிள்ளை முழுவதையும் மொழிபெயர்த்தது. என் பிரஷரும் உப்பும் கோபமும் ஒரு கனடியக் கம்பனியின் ஒலிநாடாவில் ஏறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீரிழிவு, சீனி வருத்தம்?"

"அது இவரின்ரை தமையனுக்கு. கால் எடுத்தவை. நான்தான் ஒவ்வொரு நாளும் கழுவி மருந்து கட்டினது. ஊசியும் நான்தான் போட்டது. அதாலைதான் நான் கனடாவுக்குப் பிந்தி வந்தது."

"மூச்சு முட்டு?"

"மகனுக்கு, சின்னனிலை. இரவிரவாய் மடியிலை வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன். இப்ப…" அவள் நிறுத்தினாள். "இப்ப பரவாயில்லை எண்டு மட்டும் சொல்லு பிள்ளை. கூடச் சொல்லாதை."

"தலைச்சுத்து?"

"அது இவர் எழுதிற கடிதங்களை வாசிச்சால் வாறது."

மொழிபெயர்ப்பாளரின் குரலில் ஒரு சிறிய தடக்கல். ஆனாலும் மொழிபெயர்த்தது. மறுமுனையில் கம்பனிப் பெண் இருமினாள். என் கடிதங்கள் எல்லாவற்றையும் வாசித்திருந்தவள் அவளாகத்தான் இருக்க வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் நிதானமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா, இதிலை எது உங்கடை வருத்தம் எண்டு கேக்கிறா."

மனைவி மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் தடவினாள். 'இல்லை' என்ற அந்தச் சொல்லை அவள் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு வருத்தம் வாறதுக்கு எங்கை பிள்ளை நேரம் இருந்தது?" என்றாள்.

பிள்ளை அதை மெல்ல மொழிபெயர்த்தது. மறுமுனையில் கணினித் தட்டச்சின் சத்தம் கேட்டது.

"அப்பிடியெண்டால் எல்லாத்துக்கும் இல்லை எண்டு பதியலாமோ எண்டு கேக்கிறா."

"அது அவவின்ரை விருப்பம். அவ போடட்டும். நான் சொல்லேல்லை."

இதையும் மொழிபெயர்த்தார்கள். நன்றி, அவ்வளவுதான் என்றது மறுமுனை. போனை வைக்கப் போனபோது மனைவி குனிந்து, "பிள்ளை, சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பது விதியாதலால் அந்தப் பிள்ளை அதையும் மொழிபெயர்த்தது. கம்பனிப் பெண், தான் காலையில் ஒரு சான்ட்விச் சாப்பிட்டதாகப் பதில் சொன்னாள். அது காணுமோ என்றாள் மனைவி. அதுவும் பதிவில் இருக்கும்.

போனை வைத்த பிறகு அவள் எழும்பி அடுப்படிக்குப் போனாள். நான் மேசையில் இருந்தேன். தமையனாருக்கு ஊசி போட்டவள் அவள் என்பது எனக்குத் தெரியும். மகனை மடியில் வைத்திருந்த இரவுகளும் தெரியும். அந்த வருத்தங்களையெல்லாம் அவள் பெயரில் பதிந்து வைத்திருந்தவன் நான்தான். அன்று பின்னேரம் நான் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. அவள் வெட்டித் தந்த வெங்காயத்தை வதக்கினேன். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு கிழமை பதிலில்லை. இரண்டாவது கிழமையும் இல்லை. தபால்பெட்டிச் சாவி என் சட்டைப்பையிலேயே கிடந்தது. வீடு கட்டுகிற கம்பனியிலிருந்து மகனுக்கு இரண்டு தடவை போன் வந்தது. அவன் மாடிப்படிக்குப் போய் நின்று கதைத்தான். மனைவி பிக்கரிங் குசினிக்கு யன்னல் திரை எந்த நிறம் என்று யோசிப்பதை நிறுத்தவில்லை. ஒரு கடையில் மஞ்சள் துணி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். மகன் அதைக் கேட்டும் கேட்காதவன்போல வேலைக்குப் போய் வந்தான்.

பதில் ஒரே பக்கம். விண்ணப்பம் திருத்தப்பட்டது, ஆஸ்பத்திரிக் கணக்கு முழுவதையும் கம்பனி நேரடியாகச் செலுத்தும். நிபந்தனை எங்கேயாவது ஒளிந்திருக்கும் என்று இரண்டு தடவை வாசித்தேன். தாளைத் திருப்பிப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவள் கடிதத்தை வாங்கி, ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவள், கையெழுத்துப் போட்ட இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மகனுக்குப் போன் எடுத்து, "முன்பணத்தைக் கட்டு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். நான் பேனையை எடுத்து, கச்சேரியில் உள்வரும் கடிதங்களுக்குச் செய்வதுபோல, வலது மேல் மூலையில் கோடிட்டு எழுதினேன்: கிடைத்தது, 1997 ஜூன் 6.